மூன்று நிமிட விளக்கு

எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
பொத்தானை அமுக்கினால் மூன்று நிமிடம் எரியும் விளக்கு.
பிறகு இருட்டு.
மின்சாரம் பொது; சிக்கனம் குபீச்கோவா அம்மாளுடையது.
ஒரு பக்கம் அவளுடைய உருளைக்கிழங்கு மூட்டை,
மறுபக்கம் யாரும் சறுக்காத சறுக்குக்கட்டைகள்,
நடுவில் ஒரு பீப்பாய்.
அதன்மேல் ஒரு கண்ணாடி வட்டு, அதன்மேல் இன்னொன்று,
இடையில் தண்ணீரும் கார்போரண்டத் தூளும்.
சுற்றி வருவது நான்.

தள்ளு, இழு, கொஞ்சம் திருப்பு, ஓர் எட்டு நகர்.
அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
இது நகராது. குழியும்.
மேலே இருப்பது குழிய, கீழே இருப்பது புடைக்கும்.
எனக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்.
அந்த ஆழத்துக்குச்
சனியின் வளையம் அகப்படும் என்கிறார்கள்.

பகலில் நான் பல் செய்கிறேன்.
புர்னோ நகரத்தில் முகம் தெரியாத ஒருவரின் கடைவாய்ப்பல்
நாள்முழுக்க என் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும்.
காப்பிக் கறையையும் கணக்கில் எடுத்து நிறம் சேர்த்து,
எதிர்ப்பல்லோடு இடிக்காமல் ராவி,
ஐந்து மணிக்குள் பெட்டியில் போட வேண்டும்.
அதன் வழியாக யாரும் வானம் பார்ப்பதில்லை.
ரொட்டியைக் கடித்தால் போதும்.

ட்ரஹோமீரா ட்ராலிபஸ் ஓட்டுகிறாள்.
அவளுக்குக் காலை ஷிப்ட் என்றால் என் மாலை குழந்தைகளுக்கு,
மாலை ஷிப்ட் என்றாலும் அப்படித்தான்.
கூட்டிக் கழித்துப் பார்த்ததில் எனக்கென்று மிஞ்சுவது
புதன் இரவு ஒன்பதிலிருந்து பத்தரை,
அதுவும் ஹினெக்குக்குக் காது வலிக்காத புதன்.
சமையலறைக் காலண்டரில் அவள் அதைப்
பச்சை மையால் கட்டம் கட்டி
'வட்டு' என்று எழுதியிருக்கிறாள்.

எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது,
முந்நூற்றிருபது, ஐந்நூறு.
நம்பர் ஏற ஏறத் தூள் மெலியும்.
அக்டோபரில் தொடங்கியவன்
மார்ச்சில் ஐந்நூறுக்கு வந்தேன்.
வட்டு பால் நிறம், தொட்டால் பட்டு.

அன்றைக்குத்தான் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
"அப்பா, தொட்டி அடைச்சுக்கிச்சு, தண்ணி கூடம்வரைக்கும் வந்திருச்சு."
அப்போலேனா, எட்டு வயது,
இரவு உடைக்கு மேல் என் குளிர்கோட்டு.
ஓடினேன். அடைப்பை எடுத்தேன்:
ஒரு பிளாஸ்டிக் நீர்யானை.
தரையைத் துடைத்தேன், ஹினெக்கைக் கத்தினேன்,
கத்தியதற்காக ஒரு கதை கூடுதலாகப் படித்தேன்,
இறங்கி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தேன்.
கை கழுவவில்லை.

நாலாவது சுற்றில் கீச்சென்றது.
நேரம் பார்த்து விளக்கும் அணைந்தது.
பொத்தானைத் தேடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒரு குருணை.
பழைய எண்பதாம் நம்பரோ,
தெருவில் பனிக்குத் தூவிய சரளையோ,
கோட்டு மடிப்பில் வந்ததோ,
நீர்யானைக்குச் சொந்தமானதோ.
நகத்தால் தடவினால் நகம் இடறும் கோடு,
நடுவிலிருந்து விளிம்புவரை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
பழி போட அகப்பட்டது என் கை ஒன்றுதான்.
நள்ளிரவு தாண்டி வந்த ட்ரஹோமீரா
காலுறையைக் கழற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து
"எந்த நம்பருக்குத் திரும்பணும்?" என்றாள்.
"இருநூற்றிருபது."
பச்சைப் பேனாவை எடுத்து
வியாழக்கிழமைக்கும் ஒரு கட்டம் கட்டினாள்.
உள்ளே ஒரு கேள்விக்குறி.

ஞாயிற்றுக்கிழமை வட்டைக் கழுவி மேலே கொண்டுவந்தேன்.
மெருகேறாத வட்டு,
ஈரம் இருக்கும்வரை கண்ணாடிபோல நடிக்கும்.
ஜன்னல் வெயிலை ஏந்திச் சுவரில் குவித்தேன்.
அப்போலேனா அளவுநாடா பிடித்தாள்:
"ஒரு மீட்டர் இருபத்திரண்டு."
குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்
சட்டைப் பொத்தான் அளவுக்குச் சூரியன்.
அதில் அந்தக் கோட்டைத் தேடினேன். தெரியவில்லை.
ஹினெக் நாற்காலியில் ஏறி நக்கிப் பார்த்தான்.
சுடுகிறது என்றான், பொய்.

ஈரம் காய்ந்தது, சூரியன் போயிற்று.
"இன்னொரு தரம் நனை."

நாளைக்கு இரண்டு முன்பற்கள் முடிக்க வேண்டும்.
கூடத்தில் மரத்தரை உப்பிக்கொண்டு நிற்கிறது.
ட்ரஹோமீரா தூங்குகிறாள், சத்தம் கூடாது.

நனைத்தேன்.